பனிக்காலத்துக்குப் பூட்ஸ் வாங்குதல்: கனடாவுக்குப் புதிதாக வருவோருக்கான வழிகாட்டி

குளிர்கால மேலங்கியைப் பற்றி ஊரிலிருந்து புறப்படும்போதே பலரும் ஆலோசனை சொல்லி அனுப்புவார்கள். காலில் அணிவதைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் ரொறன்ரோவில் பேருந்துக்காக இருபது நிமிடம் நின்றால் முதலில் விறைப்பவை கால்விரல்கள்தான்; விழுந்து கையையோ இடுப்பையோ முறித்துக்கொள்பவர்கள் பலர் விழுவதும் சப்பாத்தின் அடி வழுக்குவதால்தான். நான் வந்த முதல் ஆண்டில் கடைக்காரர் சொன்னதும், உறவினர் சொன்னதும், பெட்டியில் அச்சிட்டிருந்ததும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது என்று தெரிந்துகொள்ளப் பல குளிர்காலங்கள் பிடித்தன. அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஈரமான கால் எவ்வளவு விலையுயர்ந்த பூட்ஸுக்குள் இருந்தாலும் குளிரத்தான் செய்யும். ஆகவே முதலில் நீர் புகாமை, அடுத்து அளவு, அதன்பின் வழுக்காமை, கடைசியாகத்தான் எவ்வளவு குளிர்வரை தாங்கும் என்று போட்டிருக்கும் வெப்பநிலை எண் என்ற வரிசையில் பாருங்கள். கடையில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது அந்தக் கடைசி விடயத்தை மட்டுமே.

1. உங்கள் நகரத்தையும் அன்றாட நடமாட்டத்தையும் முதலில் யோசியுங்கள்

கனடா முழுவதற்கும் பொருந்தும் ஒரே பூட்ஸ் என்று எதுவும் இல்லை. ரொறன்ரோ, மார்க்கம், பிரம்டன், ஏஜக்ஸ் போன்ற இடங்களில் சனவரி மாதத்து இரவு வெப்பநிலை பெரும்பாலும் மைனஸ் 5க்கும் மைனஸ் 10க்கும் இடையில் இருக்கும். சில நாட்களில் மட்டும் மைனஸ் 20ஐத் தொடும். பகலில் பூச்சியத்துக்கு அருகே ஏறி மீண்டும் இறங்குவதால், விழுந்த பனி உருகி, வீதியில் கொட்டிய உப்போடு கலந்து, சாம்பல் நிறக் குழம்பாகி, தெருவைக் கடக்கும் இடங்களில் கணுக்கால் அளவுக்குத் தேங்கி நிற்கும். இரவில் அதுவே இறுகிப் பனிக்கட்டியாகும். ஆகவே இங்கே உங்களுக்கு முதல் எதிரி குளிரல்ல, தண்ணீர்.

மொன்றியலிலும் ஒட்டாவாவிலும் பனி கூடுதலாக விழுந்து நீண்ட நாட்கள் கிடக்கும். உயரமான பூட்ஸ் அங்கே அவசியம். வினிபெக்கில் சனவரி இரவுகளின் சராசரியே மைனஸ் 20க்குக் கீழே போகும். எட்மன்டனும் கடுங்குளிருக்குப் பேர்போனது. அந்தக் குளிரில் பனி உருகுவதில்லை, உலர்ந்த மாவாகவே கிடக்கும்; அங்கே வெப்பக்காப்பு முன்னுக்கு வருகிறது. வன்கூவரில் மழையே அதிகம் என்பதால் நீர் புகாத, கனமற்ற பூட்ஸ் போதுமானது.

நகரத்துக்கு அடுத்தபடியாக உங்கள் நாளைப் பாருங்கள். நடக்கும்போது உடல் கூடுதலாகச் சூட்டை உண்டாக்கும், நிற்கும்போது அது குறைந்துவிடும். வீட்டு வாசலில் காரில் ஏறி அலுவலகத் தரிப்பிடத்தில் இறங்குபவருக்கும், பேருந்து மாறி மாறிப் போகும் மாணவருக்கும், காவலாளி வேலையில் ஆறு மணிநேரம் வெளியில் நிற்பவருக்கும் தேவைப்படுவது ஒரே பூட்ஸ் அல்ல. நண்பர் ஒருவர் தமக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லும் பூட்ஸை அப்படியே வாங்குமுன், அவர் ஒரு நாளில் எவ்வளவு நேரம் வெளியில் நிற்கிறார் என்று கேளுங்கள்.

இன்னொன்று: இங்கே வீடுகளுக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டே போகிறோம், கோவிலிலும் அப்படியே. கிழமைதோறும் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவிலுக்குப் போகிறவர், முழங்கால்வரை லேஸ் கட்டும் பூட்ஸை வாங்கினால் வாசலில் குனிந்து நின்று அவதிப்படுவார். ஒரே மாதிரியான கறுப்புப் பூட்ஸ்கள் நிறைய நிற்கும் இடமாதலால், உட்புறத்தில் உங்கள் பெயரின் முதலெழுத்துகளை எழுதி வைப்பதும் நல்லது. பிறருடைய காலிலிருந்து உதிர்ந்த பனி உருகி நிலம் ஈரமாக இருக்கும். கைப்பையில் ஒரு சோடி மாற்றுக் காலுறை இருக்கட்டும்.

2. தண்ணீர் எவ்வழியால் உள்ளே வரும் என்று பாருங்கள்

விலைச்சீட்டில் இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள். ஒன்று, நீர் புகாதது. மற்றது, நீரைத் தாங்கக்கூடியது. ஆங்கிலத்தில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று இருந்தால் முன்னது. ‘வாட்டர் ரெசிஸ்ரன்ற்’ அல்லது ‘வாட்டர் ரெப்பலன்ற்’ என்று இருந்தால் பின்னது. பின்னது தூறலையும் கையால் தட்டிவிடக்கூடிய உலர்ந்த பனியையும் தாங்கும். உப்புக் குழம்புக்குள் கால் வைத்தால் தாங்காது. ரொறன்ரோவிலோ மொன்றியலிலோ வாழ்பவர்கள் முன்னதைத் தவிர வேறெதையும் தினசரிப் பாவனைக்கு வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உட்புறம் ஆட்டுரோமம் வைத்த மெல்லிய தோல் பூட்ஸ்கள் பார்ப்பதற்கு மிகவும் கதகதப்பாகத் தோன்றும், இளம் பெண்கள் விரும்பி வாங்குவார்கள். அவற்றில் பெரும்பாலானவை தண்ணீரை உறிஞ்சுபவை. வாங்குவதாயின் உலர்ந்த நாட்களுக்கென்று இரண்டாவது சோடியாக வாங்குங்கள்.

நீர் புகாத பூட்ஸ்களில் பிரதானமாக இரண்டு அமைப்புகள் உண்டு. முதலாவது, பாதம் முழுவதும் தையலே இல்லாத இறப்பர் கிண்ணமும், அதற்கு மேலே தோலோ நைலோனோ கொண்ட தண்டும், உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய தடித்த உள்ளுறையும் உடையது. சொறெல், கமிக், பஃபின் ஆகிய பெயர்களில் கடைகளில் நீங்கள் காணும் கனத்த பூட்ஸ்கள் பல இவ்வகை. இறப்பர் பகுதி எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வராது. ஆனால் வியர்வையும் வெளியே போகாது, எனவே உள்ளுறையைத் தினமும் எடுத்து உலர்த்த வேண்டும். இரண்டாவது வகை, தோலுக்கும் உட்துணிக்கும் இடையில் கோர்-டெக்ஸ் போன்ற மெல்லிய சவ்வு வைத்தது. அது தண்ணீரைத் தடுத்து, வியர்வை ஆவியை ஓரளவு வெளியேவிடும். இலேசானது, நடக்க வசதியானது. விலை கூடியது, உள்ளுறையைக் கழற்ற முடியாதபடியால் உலர நேரமெடுக்கும்.

கடையில் நிற்கும்போது பின்வருபவற்றைக் கையால் தொட்டுப் பாருங்கள். லேஸுக்குப் பின்னால் இருக்கும் நாக்கை முன்னால் இழுங்கள்; அது இரு பக்கமும் பூட்ஸோடு மடிப்பாக ஒட்டித் தைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த மடிப்பு எந்த உயரத்தில் முடிகிறதோ, அதுவே உங்கள் பூட்ஸின் உண்மையான நீர் எல்லை. பக்கத்தில் ஸிப் வைத்த பூட்ஸ்களில் ஸிப்புக்குப் பின்னால் இப்படியொரு மடிப்பு இருக்கிறதா என்பதைத் திறந்து பாருங்கள். இல்லாவிட்டால், முகப்பில் நீர் புகாதது என்று எழுதியிருந்தாலும், ஸிப் தொடங்கும் இடத்துக்கு மேலே தண்ணீர் வந்தவுடன் காலுறை நனையும். புதியவர்கள் அதிகமாக அகப்படும் பொறி இதுதான். ஸிப்பின் அடிமுனை நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று விரலால் அளந்து பாருங்கள்.

உயரத்தைப் பொறுத்தவரை, கணுக்காலோடு முடிவது போதாது. பனி அள்ளும் வாகனம் வீதியோரத்தில் தள்ளிவிட்ட பனிவரப்பை ஏறிக் கடந்துதான் பேருந்துக்குப் போக வேண்டியிருக்கும். பனி மேற்பக்கத்தால் விழுந்து உள்ளே உருகும். கெண்டைக்காலின் பாதிவரை வருவது, மேல்வாயை நாடாவால் இறுக்கக்கூடியது எனத் தேடுங்கள்.

3. ஊரில் அணிந்த அளவைச் சொல்லிக் கேட்காதீர்கள்

இலங்கையிலும் இந்தியாவிலும் நாம் பழகியது பிரித்தானிய அளவு. கனடாவில் விற்பவை பெரும்பாலும் அமெரிக்க அளவு. ஆண்களுக்கு ஏறத்தாழ ஓர் எண் கூடும்: ஊரில் 8 அணிந்தவர் இங்கே 9 கேட்க வேண்டும். பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு எண் கூடும்: ஊரில் 6 என்றால் இங்கே 8. ஐரோப்பாவிலிருந்து வருபவர்களுக்கு 42, 43 என்ற எண்கள் பழக்கமாக இருக்கும்; பெட்டியின் பக்கத்திலோ நாக்கின் உட்புறத்திலோ அதையும் பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். சிலவற்றில் பாத நீளமும் சென்ரிமீற்றரில் இருக்கும். வீட்டில் கடதாசியின்மேல் நின்று குதியிலிருந்து பெருவிரல் நுனிவரை அளந்துகொண்டு போவது எல்லாக் குழப்பத்தையும் குறைக்கும். இரு கால்களையும் அளந்து பாருங்கள். பெரிய காலுக்கே வாங்க வேண்டும்.

கடைக்கு மாலையில் போங்கள். பகல் முழுவதும் நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும், குளிர்காலத்தில் நீங்கள் அணியப்போகும் தடித்த கம்பளிக் காலுறையையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு பூட்ஸையும் போட்டு, லேஸ் கட்டி, பத்து நிமிடமாவது கடைக்குள் நடவுங்கள். நிற்கும்போது விரல்களுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும், விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும், ஆனால் நடக்கும்போது குதி மேலெழும்பக்கூடாது. சரிவான ஓர் இடத்தில் கீழ்நோக்கி நின்று பாருங்கள். விரல் முன்னால் முட்டினால் அந்த அளவு சிறியது. அரை அளவுகள் இல்லாத பூட்ஸ்களில் அடுத்த முழு அளவுக்குப் போவதே நல்லது.

இடைவெளியை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சூட்டைக் காப்பது பெரும்பாலும் உள்ளே நிற்கும் அசையாத காற்றுத்தான். இறுக்கமான பூட்ஸில் காற்றுக்கு இடமில்லை, இரத்த ஓட்டமும் குறைகிறது. அதனால் மைனஸ் 40 என்று எழுதிய பூட்ஸிலும் கால் விறைக்கும். குளிர்கிறதென்று இரண்டு மூன்று காலுறைகளைத் திணிப்பவர்கள் குளிரை அதிகப்படுத்திக்கொள்கிறார்கள்.

காலுறையில் பருத்தியைத் தவிர்த்துவிடுங்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நீங்கள் நடப்பதை நிறுத்தியவுடன் அந்த ஈரம் குளிரும். மெரினோ கம்பளி, அல்லது கம்பளியும் செயற்கை இழையும் கலந்தது, ஈரமானாலும் சூட்டை ஓரளவு காக்கும். நல்லது ஒரு சோடி 15 முதல் 30 டொலர்வரை போகும். விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். மூன்று சோடி இருந்தால் மாற்றி மாற்றித் தோய்த்துப் பல குளிர்காலங்கள் அணியலாம், பூட்ஸில் நூறு டொலர் கூட்டிச் செலவழிப்பதைவிட இது பயன்தரும்.

4. அடிப்பாகம் வழுக்குமா என்பதை ஆய்வுமுடிவைக் கொண்டு தீர்மானியுங்கள்

ஆழமான பள்ளங்கள் வெட்டிய அடி, உதிரிப் பனியில் பிடிக்கும். பனிக்கட்டியில் அது மட்டும் போதாது. பனிக்கட்டியில் பிடிப்பது, குளிரிலும் மென்மையாக இருக்கும் இறப்பரும், அதற்குள் கலந்த கரடுமுரடான துகள்களுமே. கோடைச் சப்பாத்துகளின் அடி குளிரில் கல்லாக இறுகிவிடும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். சற்றும் உள்வாங்காத அடியை வாங்க வேண்டாம். ஆனால் கடையின் கதகதப்பில் மென்மையாக இருப்பது வெளியிலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

இந்த விடயத்தில் ரொறன்ரோவில் வாழும் நமக்கு ஓர் உதவி கிடைக்கிறது. ரொறன்ரோ மறுவாழ்வு நிறுவனத்தின் கைற் ஆய்வகம், உறைகுளிர் அறையொன்றில் பனிக்கட்டித் தளம் அமைத்து, பாதுகாப்புப் பட்டி கட்டிய மனிதர்களை அதன்மேல் நடக்கவிட்டு, தளத்தைச் சிறிது சிறிதாகச் சரித்துப் பூட்ஸ்களைச் சோதிக்கிறது. உலர்ந்த பனிக்கட்டி, உருகும் ஈரப் பனிக்கட்டி ஆகிய இரண்டிலும் சோதனை நடக்கிறது. 7 பாகைச் சரிவுவரை வழுக்காதிருந்தால் ஒரு பனித்திவலைச் சின்னம், 11 பாகைக்கு இரண்டு, 15 பாகைக்கு மூன்று. முடிவுகளை ‘றேற் மை ட்ரெட்ஸ்’ என்ற பெயரில் 2016 முதல் இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறார்கள். முதற் பட்டியலிலேயே, சோதித்தவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரு சின்னம்கூடப் பெறவில்லை. அவற்றுள் பேர்பெற்ற, விலைகூடிய பூட்ஸ்களும் இருந்தன. தேறியவற்றில் கிறீன் டயமண்ட், விப்றம் நிறுவனத்தின் ஆர்க்டிக் கிறிப் ஆகிய அடித் தொழில்நுட்பங்கள் கொண்டவை முன்னணியில் நின்றன. கடைக்குப் போகுமுன் இந்தப் பட்டியலைப் பாருங்கள். உருப்படியின் முழுப் பெயரையும் ஒப்பிடுங்கள். ஒரே நிறுவனத்தின் ஒரு பூட்ஸ் தேறியிருக்க, அதன் அருகில் அடுக்கியிருக்கும் மற்றது தேறாதிருக்கலாம்.

பூட்ஸின்மேல் மாட்டும் முள்வளையங்களும் கிடைக்கின்றன, 20 முதல் 40 டொலருக்குள் வாங்கலாம். விழுந்தவுடன் பனிக்கட்டியாக இறுகும் உறைமழை பெய்த மறுநாள் இவற்றைப்போல் உதவுவது வேறில்லை. ஆனால் கடைக்குள்ளோ சுரங்க ரயில் நிலையத்துக்குள்ளோ நுழையும்போது கட்டாயம் கழற்றிவிடுங்கள்; ஓடு பதித்த தளத்தில் அந்த முட்களே வழுக்கி விழுத்தும்.

5. மைனஸ் எண்ணை எப்படி வாசிப்பது

பெட்டியில் மைனஸ் 25, மைனஸ் 32, மைனஸ் 40 என்றெல்லாம் இருக்கும். எல்லா நிறுவனங்களும் கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய ஒரே சோதனைமுறை இதற்கு இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தான் தெரிவுசெய்த முறையில் அளக்கிறது, பெரும்பாலும் நடந்துகொண்டிருப்பவரைக் கருதியே எண்ணைப் போடுகிறது. ஆகவே ஒரே நிறுவனத்தின் இரு பூட்ஸ்களை ஒப்பிட அந்த எண் உதவும். வெவ்வேறு நிறுவனங்களுக்கிடையே ஒப்பிட உதவாது. நிற்கும் வேலை உள்ளவர், தம் நகரத்தின் மிகக் குளிரான நாளைவிட 15 முதல் 20 பாகைவரை கூடுதல் குளிரைக் குறிக்கும் எண்ணைத் தெரிவுசெய்வது பாதுகாப்பானது.

எண்ணைவிட நம்பத்தக்கது, உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்பது. தின்சுலேற் போன்ற செயற்கை இழைக்காப்பை 200 கிராம், 400 கிராம், 800 கிராம் என்று குறிப்பார்கள். அது பூட்ஸின் நிறையல்ல, ஒரு சதுர மீற்றர் துணிக்குரிய அளவு. நகரத்துக்குள் நடமாடுபவருக்கு 200 போதும், பேருந்துக்குக் காத்திருப்பவருக்கு 400 வேண்டும், மணிக்கணக்கில் நிற்பவருக்கு 800 தேவைப்படும். வினிபெக் போன்ற இடங்களுக்கு 9 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள, கழற்றக்கூடிய கம்பளி உள்ளுறை கொண்ட இறப்பர் பூட்ஸ்களே என் தெரிவு.

பாதத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பலர் பார்ப்பதில்லை. உறைந்த நிலத்திலிருந்து குளிர் நேராக மேலேறுகிறது. உடலின் பாரம் உட்காப்பை நசுக்கிவிடுவதால் அந்த இடத்தில் காப்பு மிக மெலிந்துபோகிறது. தடித்த அடியும், கழற்றக்கூடிய கம்பளி உள்ளடித் தகடும் உள்ளதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், சற்றுப் பெரிய அளவில் வாங்கி, தனியாக ஒரு கம்பளித் தகட்டைப் போட்டுக்கொள்ளலாம்.

6. எப்போது வாங்குவது, எவ்வளவு செலவாகும்

பூட்ஸ்கள் ஓகஸ்ட் கடைசியிலிருந்தே கடைகளுக்கு வரத் தொடங்கும். எல்லா அளவுகளும் ஒழுங்காகக் கிடைப்பது செப்ரெம்பரிலும் ஒக்ரோபரிலும்தான். நவம்பர் இறுதியில் வரும் ‘பிளாக் ஃப்றைடே’ விற்பனையிலும், டிசெம்பர் 26 ‘பொக்ஸிங் டே’ விற்பனையிலும் விலை குறையும். பெப்ரவரியில் இன்னும் குறையும், ஆனால் சராசரி அளவுகள் தீர்ந்துவிடும். முதற் குளிர்காலத்தில் மலிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். ரொறன்ரோவில் நவம்பரிலேயே பனி விழுந்துவிடும். இரண்டாவது சோடியையும் அடுத்த ஆண்டுக்கான பிள்ளைகளின் பூட்ஸையும் பெப்ரவரியில் வாங்குங்கள்.

சனவரித் தவணைக்கு வரும் மாணவர்கள் விமான நிலையத்தை விட்டு வெளியேறும்போதே பனியில் கால் வைக்க வேண்டியிருக்கும். ஊரில் விலைகூடிய பூட்ஸ் வாங்கிப் பெட்டியின் நிறையைக் கூட்டாதீர்கள். நீர் புகாத நடைச் சப்பாத்து ஒன்றையும் கம்பளிக் காலுறையையும் அணிந்து வந்து, முதல் இரண்டு நாட்களுக்குள் இங்கே கடைக்குப் போவதே சிறந்தது.

செலவைக் கணக்கிடும்போது பெரியவர்களுக்கு ஓரளவு நல்ல பூட்ஸுக்கு 120 முதல் 200 டொலர்வரை ஒதுக்குங்கள். கடுங்குளிருக்கானவை 250ஐத் தாண்டும். 40, 50 டொலருக்குக் கிடைப்பவை ஒரு பருவத்தைக் கடக்கலாம். அவற்றில் அடிப்பாகமும் ஒட்டிய இடமும் முதலில் பழுதாகும். விலைச்சீட்டில் வரி சேர்ந்திராது என்பதை மறக்காதீர்கள். ஒன்ராறியோவில் 13 சதவீதம், கியூபெக்கில் இரு வரிகளும் சேர்ந்து 14.975 சதவீதம், அல்பேர்ட்டாவில் 5 சதவீதம். ஒன்ராறியோவில் 150 டொலர் பூட்ஸுக்கு நீங்கள் கொடுப்பது 169 டொலர் 50 சதம்.

ஒன்ராறியோவில் சிறுவர் சப்பாத்துகளுக்கு, சிறுவர் அளவு 6 வரை, மாகாணத்துக்குரிய 8 சதவீதத்தைக் கடையிலேயே கழித்து 5 சதவீதம் மட்டும் அறவிட வேண்டும். 80 டொலர் பூட்ஸில் 6 டொலர் 40 சதம் மிஞ்சும். பற்றுச்சீட்டை வாசித்து, முழு வரியும் போட்டிருந்தால் அங்கேயே திருத்தக் கேளுங்கள். சிறிய பாதமுள்ள பெண்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம்: சிறுவர் அளவு 5, பெண்களின் அளவு 7க்குக் கிட்டத்தட்டச் சமம். அதே நிறுவனத்தின் சிறுவர் பூட்ஸ் பல வேளைகளில் மிகவும் மலிவு, வரியும் குறைவு.

பழைய பொருட்கடைகளில் வாங்குவதும் தவறல்ல. ஆனால் அடியை வளைத்து வெடிப்புப் பாருங்கள், உள்ளுறை நசிந்து தட்டையாகிவிட்டதா என்று தடவுங்கள். பொலியூறித்தேன் என்ற செயற்கைப் பொருளாலான அடிகள் நெடுங்காலம் அலுமாரியில் கிடந்தாலே உதிரத் தொடங்கும். பார்வைக்குப் புதிதாக இருப்பது இரண்டாம் நாள் அடியோடு கழன்றுவிடலாம். கையில் பணமே இல்லாத நிலையில் வந்தவர்கள், தங்கள் பகுதியிலுள்ள குடியேறியோர் உதவி நிலையத்தில் கேளுங்கள். குளிர்கால உடுப்பும் பூட்ஸும் இலவசமாகத் தரும் இடங்களுக்கு அவர்கள் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். போகும்போது குடிவரவுப் பத்திரத்தையும் முகவரிக்கான சான்றையும் கொண்டுசெல்லுங்கள்.

7. பற்றுச்சீட்டைக் காப்பாற்றுங்கள்

பணம் கொடுக்குமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எத்தனை நாட்களுக்குள் திருப்பித் தரலாம், பணமாகத் திரும்புமா அல்லது அதே கடையில் வேறு பொருள் வாங்கும் வரவாக மட்டுமா. ‘ஃபைனல் சேல்’ என்று எழுதியவற்றைத் திருப்ப முடியாது. பற்றுச்சீட்டின் மை சில மாதங்களில் மங்கிவிடும். அன்றே படமெடுத்து வையுங்கள். உறவினரின் கடனட்டையில் வாங்கியிருந்தால் திரும்பும் பணமும் பெரும்பாலும் அதே அட்டைக்கே போகும்.

வீட்டுக்கு வந்ததும் பூட்ஸை விரிப்பின்மேல் மட்டும் அணிந்து ஒரு மணிநேரம் நடவுங்கள். விலைச்சீட்டையும் பெட்டியையும் அதுவரை அகற்ற வேண்டாம். வெளியில் ஓரடி வைத்தால் அடியில் உப்புப் படும், பின்னர் பல கடைகள் ஏற்க மாட்டா. நீர் கசிந்தாலோ அடி பிரிந்தாலோ உற்பத்தியாளரின் உத்தரவாதம் வேறாக இருக்கும். அதற்கும் பற்றுச்சீட்டும், பழுதைக் காட்டும் படங்களும் தேவை.

நவம்பர் மாதத்தில் சமூக ஊடகங்களில் பேர்பெற்ற பூட்ஸ்கள் மிகப்பெரிய கழிவில் என்ற விளம்பரங்கள் வரும். இணைய முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள், கனடா முகவரியும் திருப்பும் விதிகளும் இல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வருவதற்குச் சுங்கவரியும் கையாளல் கட்டணமும் வாசலில் கேட்கப்படலாம்.

8. வேலைத்தளத்துக்கானது வேறு

களஞ்சியம், கட்டுமானம், தொழிற்சாலை ஆகியவற்றில் சேர்பவர்கள், வேலை தருபவர் கேட்பது எது என்று எழுத்தில் கேட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். சி.எஸ்.ஏ. எனப்படும் கனேடியத் தரநிர்ணயச் சங்கத்தின் தரக்குறியில் பச்சை முக்கோணம் என்றால், விரல்களுக்கு முதற்தரப் பாதுகாப்பும் ஆணி குத்தாத அடியும் உண்டு. வெள்ளைச் செவ்வகத்தில் செம்மஞ்சள் நிறக் கிரேக்க ஒமேகா எழுத்து என்றால், மின்னதிர்ச்சிக்கு எதிரான அடி. குறி பூட்ஸின் வெளிப்புறத்தில் தைக்கப்பட்டிருக்கும். பெட்டியில் மட்டும் இருப்பது போதாது. வெளியிலும் குளிர்களஞ்சியத்திலும் வேலை செய்பவர்கள் உருக்கு முனைக்குப் பதிலாகக் கலவைப்பொருள் முனை கேளுங்கள். உருக்கு, விரல்களின் சூட்டை இழுத்துவிடும். சில நிறுவனங்களும் தொழிற்சங்க ஒப்பந்தங்களும் ஆண்டுதோறும் பூட்ஸுக்கு ஒரு தொகை தருகின்றன. அதைப் பெற உங்கள் பெயரிலான பற்றுச்சீட்டு வேண்டியிருக்கும்.

9. பிள்ளைகளும் முதியோரும்

பாடசாலைகளில் மைனஸ் 10 குளிரிலும் பிள்ளைகளை இடைவேளையில் வெளியே விளையாட விடுவார்கள்; பனியில் உருண்டு வருவார்கள். ஆகவே பிள்ளைகளுக்குக் கழற்றக்கூடிய உள்ளுறை அவசியம். முடிந்தால் மேலதிக உள்ளுறை ஒரு சோடி வாங்கி வையுங்கள். தாமே மாட்டக்கூடிய வெல்க்ரோ பட்டி இருக்கட்டும், ஏனெனில் இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் லேஸ் கட்டிவிட முடியாது. வகுப்புக்குள் அணிய வேறொரு சோடி சப்பாத்தும் கேட்பார்கள். வளரும் காலென்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் பிள்ளை தடுக்கி விழும். ஓர் அளவுக்கு மேல் கூட்ட வேண்டாம்.

ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவுக்கு, சூட்டைவிட இலேசும் வழுக்காமையும் முக்கியம். கனத்த பூட்ஸ் அவர்களின் நடையைத் தளர்த்தும். அகல வாய் திறந்து, குனியாமல் மாட்டக்கூடியதும், பனித்திவலைச் சின்னம் பெற்றதுமான ஒன்றைத் தேடுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாத உணர்வு குறைந்திருக்கக்கூடும். குளிர் கடித்ததும் தோல் உரசியதும் தெரியாமலே போகும். அவர்கள் வெளியில் போய்வந்தால், காலுறையைக் கழற்றி விரல்களையும் குதியையும் நீங்களே பாருங்கள். விரல் வெளிறி மரத்திருந்தால் தேய்க்காதீர்கள், வெப்பமூட்டிக்கு முன்னால் நீட்டாதீர்கள். உடல் சூடளவு இளவெந்நீரில் வைத்து, உணர்வு திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

10. ஒவ்வோர் இரவும் உலர்த்துங்கள்

காலையில் ஈரமான பூட்ஸை மாட்டினால் மேலே சொன்ன தெரிவுகள் எல்லாம் வீணாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் உள்ளுறையையும் உள்ளடித் தகட்டையும் வெளியே எடுத்து, நாக்கை விரித்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெப்பமூட்டியின்மேலோ வெந்காற்று வரும் துவாரத்தின்மேலோ வைக்காதீர்கள்; தோல் வெடிக்கும், ஒட்டுப்பசை இளகி அடி பிரியும். உள்ளுறை இல்லாத பூட்ஸுக்குள் புதினப்பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணிநேரத்தில் ஒருமுறை மாற்றுங்கள். தினமும் நெடுநேரம் வெளியில் நிற்பவர்கள் இரண்டு சோடிகளை மாற்றி மாற்றி அணிவது நல்லது.

உப்பு தோலை உலர்த்தி வெள்ளைக் கோடுகளாகப் படியும். அன்றே ஈரத்துணியால் துடையுங்கள். கறை நிலைத்துவிட்டால் வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து மெதுவாகத் துடைத்து, உலர்ந்தபின் அந்தத் தோலுக்குரிய மெழுகையோ தெளிப்பானையோ பூசுங்கள். ‘சுவேட்’ எனப்படும் மெல்லிய உரோமத் தோலுக்கு மெழுகு பூசினால் நிறம் கறுத்துவிடும், அதற்குத் தெளிப்பான்தான். வாசலில் விளிம்புள்ள தட்டு ஒன்றை வைத்தால் உருகிய உப்புநீர் மரத்தளத்தைக் கெடுக்காது. வாடகை வீட்டில் அந்தக் கறைக்கு வீட்டுக்காரரோடு தகராறுகூட வரலாம்.

ஏப்ரலில் பூட்ஸைக் கழுவி, முற்றாக உலர்த்தி, மெழுகு பூசி, காற்றுப் போகும் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். பிளாஸ்ரிக் பைக்குள் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். செப்ரெம்பரில் வெளியே எடுத்து அடியை வளைத்துப் பாருங்கள், ஒட்டிய ஓரத்தை விரலால் நெருடிப் பாருங்கள், குளியற்தொட்டியில் நான்கு விரற்கடைத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் பூட்ஸோடு நில்லுங்கள். காலுறை நனைந்தால், கடைகளில் எல்லா அளவும் இருக்கும் அந்த மாதத்திலேயே புதியதை வாங்கிவிடலாம்.